எடுத்துக்கொள்ள முடியாத படம்

என் அக்கா புருஷனுக்கு ரத்தக் குழாயைப் பற்றி எல்லாம் தெரியும். குளியலறைக் குழாய்கள் விற்கிற கடை வைத்திருப்பவர் அவர். ஆகையால் குழாய் என்று பெயர் வைத்த எதைப் பற்றியும் இன்னொருவர் வாய் திறக்கத் தேவையில்லை என்பது அவருடைய கட்சி. எட்டு மாதத்துக்கு முன்பு அவருடைய இதயத் தமனி ஒன்றில் அடைப்பு வந்து, அதைத் திறந்து வைப்பதற்காக ஸ்டென்ட் என்கிற சின்னக் கம்பி வலைச்சுருளை உள்ளே பொருத்தினார்கள். மறுநாள் வார்டில் என்னைப் பார்த்ததும், “இவ்வளவுதானா? நம்ம கடையில நேத்து சேர்ந்தவன் இதைவிட நல்லா ஜாயின்ட் போடுவான்” என்றார். அவனிடமே போயிருக்கலாமே என்று நாக்கு நுனி வரை வந்தது. அக்கா பக்கத்தில் நின்றதால் விழுங்கிக்கொண்டேன்.

நான் வேலை பார்ப்பது அதே ஆஸ்பத்திரியில்தான். டாக்டர்கள் அடைப்பில் பலூன் ஊதி விரிப்பார்கள், ஸ்டென்ட் வைப்பார்கள். வைத்தது ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒளியைக் கொண்டு படம் எடுத்துக் காட்டுவது என் வேலை. கதீட்டர் என்னும் மெல்லிய குழலுக்குள் ஒரு கண்ணாடி இழை இருக்கும். அதன் நுனியிலுள்ள லென்ஸ் சுழன்றுகொண்டே பின்வாங்கும். ஒளி தமனிச் சுவரில் பட்டுத் திரும்புவதை வைத்து, வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கிக் காட்டுவதுபோல வட்டம் வட்டமாகத் திரையில் படம் விழும். எல்லாம் மூன்று வினாடி. அந்த மூன்று வினாடிக்கு முன்னால் செய்ய வேண்டியதை ஒழுங்காகச் செய்யாவிட்டால் திரையில் விழுவது தமனி அல்ல, செய்தவரின் அவசரம். பதினாறு வருஷத்தில் தமனியைவிட அவசரத்தைத்தான் நான் அதிகம் படம் எடுத்திருக்கிறேன்.

டாக்டர்கள் என்னை லைட்டம்மா என்பார்கள். அக்கா புருஷன், அதாவது அத்தான், போட்டோக்காரி என்பார். சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம், “நம்ம போட்டோக்காரிக்கு ஒரு நாற்காலி போடுங்கப்பா, நின்னு நின்னே கால் தேஞ்சு போச்சு” என்று சத்தமாகச் சொல்லிச் சிரிப்பார். அவர் சிரித்து முடித்த பிறகுதான் மற்றவர்கள் சிரிக்கலாமா என்று அக்கா முகத்தைப் பார்ப்பார்கள்.

எங்கள் தலைமை இதய டாக்டருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் மேடை. லிஃப்டுக்குள் நுழைந்தால்கூட நட்டநடுவில் நின்று, கதவு மூடும்வரை யாராவது கைதட்டுவார்களா என்று காத்திருப்பதுபோல் நிற்பார். கை நல்ல கை என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் மறுக்கமாட்டேன். கேமரா இல்லாத நாட்களில் நல்ல கைதான்.

அத்தானுக்கு மறுபடி நெஞ்சு வலி வந்த வாரம், ஊரின் மறுகோடியிலிருந்த பெரிய கூடத்தில் இதய டாக்டர்களின் மாநாடு ஒன்று நடக்க இருந்தது. எங்கள் அறையிலிருந்து சிகிச்சையை அங்கே நேரடியாக ஒளிபரப்ப மேடை ஒப்புக்கொண்டிருந்தார். அத்தானுடைய கேஸைத் தேர்ந்தெடுத்தார். அத்தானிடம் சம்மதம் கேட்டபோது, அவருக்கு வலி பாதி போய்விட்டது.

“இருநூறு டாக்டர் பார்க்கப் போறாங்களாம், என் இதயத்தை” என்று வார்டில் எல்லாப் படுக்கைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். ஒளிபரப்பு நாள் காலை நான் போய்ப் பார்த்தபோது மீசைக்குப் புதிதாக மை அடித்திருந்தார்.

“மீசையை யாரும் காட்டப் போறதில்ல, அத்தான்” என்றேன். “உள்ள இருக்கிறதைத்தான் காட்டுவாங்க.”

“நீ உன் வேலையைப் பாரு. எந்த ஆங்கிள்ல எடுப்பாங்கன்னு உனக்கென்ன தெரியும்?”

சரி என்று வந்துவிட்டேன்.

பத்து மணிக்கு ஆரம்பித்தது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் என் மானிட்டரும் மைக்கும். அந்தப் பக்கம் மேஜை மேல் அத்தான், மேடை, ஒரு உதவி டாக்டர், நர்ஸ். மேடையின் காதில் ஒரு சின்னக் கருவி. கூடத்திலிருந்து நிகழ்ச்சியை நடத்துபவர் அதன் வழியாகப் பேசிக்கொண்டிருந்தார். மேலே இரண்டு கேமரா.

கதீட்டரைத் தமனிக்குள் விடுவதற்கு முன்னால், அதன் உள்குழலில் சாய மருந்தைச் சிரிஞ்சால் மெதுவாகத் தள்ளி, நுனியில் சொட்டு வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். குமிழி ஒன்று உள்ளே தங்கிவிட்டால் அதன் பின்னால் இருப்பது தெரியாது. வட்டத்தில் ஒரு பக்கம் இருண்டு கிடக்கும். எப்போதும் நர்ஸ் அதை நிதானமாகச் செய்வாள். அன்று அவள் ஆரம்பிப்பதற்குள் மேடையின் காதில் ஏதோ சொன்னார்கள் போலிருக்கிறது. “கொடும்மா, ஹாலே வெயிட் பண்ணுது” என்று சிரிஞ்சை வாங்கி, கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டே பாதியைத் தள்ளிவிட்டுத் தட்டில் போட்டார்.

“சார், நுனியில சொட்டு வரல” என்று மைக்கில் சொன்னேன்.

கையை மட்டும் தூக்கிக் காட்டினார். வாகனத்தை நிறுத்தாமல் போகிறவர்கள் காட்டுவார்களே, அப்படி.

கதீட்டர் உள்ளே நுழைகிற வாயில் ஒரு வால்வு உண்டு. அதன் வழியாக ரத்தம் கொஞ்சம் கசிந்து நீலத்துணியில் சொட்டியது. கேமராவில் அது அழகாகத் தெரியாதல்லவா? வால்வை இறுக்கினார். ஊறுகாய் ஜாடி மூடியைத் திருகுவதுபோல் இறுக்கினார். அந்த இறுக்கத்தில் உள்ளிருக்கும் இழை சீராகச் சுழலாது. ஓரிடத்தில் திணறும், இன்னோரிடத்தில் துள்ளும். அது திணறினால் படம் இழுபட்டு அழுக்குத் துணியால் துடைத்ததுபோல் ஆகும்.

கடைசியாக, படம் எடுக்கிற அந்த மூன்று வினாடிக்குத் தமனியில் ரத்தமே இருக்கக்கூடாது. ரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் ஒளியைச் சிதறடித்துவிடும். அதனால் சாய மருந்தை வேகமாகச் செலுத்தி ரத்தத்தை விலக்க வேண்டும். மருந்து செலுத்துகிற பெரிய குழல் தமனியின் வாயில் சரியாகப் பொருந்தவே இல்லை. மருந்தில் பாதி வெளியே போனது. எனக்கு எக்ஸ்ரே திரையில் அது புகைபோல் விலகிப் போவது நன்றாகத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும், அந்தத் திரையைப் பார்த்திருந்தால்.

படம் வந்தது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு பக்கம் இருட்டு. நடுவில் ரத்தம் சுழன்று கட்டிபோல் மிதந்தது. கம்பிகளில் சில பளீரென்று நீளக் கோடுகளாக நீண்டிருந்தன. கம்பி உலோகம். ஒளியை அப்படியே திருப்பி அடித்தால் கருவியின் கண் கூசிவிடும். ஒரு சுற்று முடிவதற்குள் இதயம் துடித்து இடம் மாறியதால், வட்டத்தின் தொடக்கமும் முடிவும் ஒட்டாமல், தையல் விட்ட சட்டைபோல் பிளந்து நின்றது. ஒரே படத்தில் இத்தனை குற்றத்தையும் சேர்த்துப் பார்ப்பது அபூர்வம். பாடம் நடத்துபவர்கள் சட்டம் போட்டு மாட்டலாம்.

மேடை திரையருகே வந்து, அந்தப் பிளவில் விரலை வைத்தார்.

“ஃப்ரெண்ட்ஸ், பாருங்க. ஸ்டென்ட் ஒடிஞ்சிருக்கு. பக்கத்துல ரத்தக் கட்டி. ரொம்ப ரேர். இதுக்குள்ள இன்னொரு ஸ்டென்ட் வெச்சு எப்படிச் சரி பண்றதுன்னு இப்ப காட்டறேன்.”

கூடத்தில் கைதட்டினார்கள். ஒலிபெருக்கி வழியாக அந்தச் சத்தம் எங்கள் அறையிலும் கேட்டது.

என் இயந்திரத்தில் ஒவ்வொரு படத்துக்கும் ஏற்கலாமா கூடாதா என்று நான் குறிக்க வேண்டும். கூடாது என்பதை அழுத்திவிட்டு மைக்கை எடுத்தேன். “சார், இந்தப் படத்தை எடுத்துக்க முடியாது. குமிழி இருக்கு. ரத்தம் விலகல. வால்வு டைட்டா இருக்கு. அது ஒடிவு இல்ல சார், படம் ஒட்டாம நிக்குது. திரும்ப எடுக்கணும்.”

இது கூடத்துக்கும் கேட்டிருக்கும். மேடை கேமரா பக்கம் திரும்பிச் சிரித்தார். “எங்க லைட்டம்மா இன்னிக்கு ரொம்ப ஸ்ட்ரிக்ட்” என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, சிரிப்பை மட்டும் எடுத்துவிட்டு, “நீங்க படம் மட்டும் எடுங்க. அதுல என்ன இருக்குன்னு நான் பார்த்துக்கறேன்” என்றார். யாரோ என் மைக்கின் சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள்.

மேஜை மேல் படுத்தபடி அத்தான் பேசினார். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார் மனுஷன். “டாக்டர், அவ பேச்சை விடுங்க. போட்டோ புடிக்கிறவதான? நீங்க பண்ணுங்க.”

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. முழுதாக இருக்கிற கம்பிச் சுருளுக்குள் இன்னொரு கம்பிச் சுருள். குழாய் பற்றி எல்லாம் தெரிந்தவர் வாங்கிக்கொள்ளட்டும். இரண்டு அடுக்கு உலோகத்தோடு தமனி குறுகும், அடைப்பு வரும் வாய்ப்பு கூடும், வாழ்நாள் முழுக்க மாத்திரை. மீசைக்கு மை அடித்தவர் அதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். இவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் அளவெடுத்துச் செய்தவர்கள். நடுவில் நான் யார்?

உதவி டாக்டர் ஒரு படிவத்தோடு வெளியே போவதைப் பார்த்தேன். படம் எடுப்பதற்குத்தான் சம்மதம் வாங்கியிருந்தார்கள். புது ஸ்டென்ட் வைக்க, மேஜை மேல் இருப்பவருக்குப் பதிலாக வீட்டார் யாராவது கையெழுத்துப் போட வேண்டும். வெளியே இருந்தது அக்கா.

எழுந்து பின்னாலேயே போனேன்.

அக்கா நடைவழி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அத்தானுடைய கடிகாரம், மோதிரம், கண்ணாடி எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் அவள் மடியில் கிடந்தன. உதவி டாக்டர் பேனாவை நீட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, போடாத” என்றேன்.

உதவி டாக்டருக்கு முகம் வெளுத்தது. “மேடம், நீங்க இங்க இப்படிச் சொல்லக்கூடாது.”

“தெரியும். சொல்லிட்டேன்.”

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்னடி ஆச்சு? உள்ள என்ன?”

“ஸ்டென்ட் ஒடிஞ்சிருக்குன்னு சொல்றார். ஒடியல. படம் கெட்டுப் போயிருக்கு. எல்லாம் பொய். திரும்ப ஒழுங்கா எடுத்தா தெரிஞ்சிடும். அது வரைக்கும் கையெழுத்துப் போடாத.”

அக்கா பையின் வாயை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “இவரை உனக்குப் பிடிக்காது. அந்த டாக்டரையும் பிடிக்காது. அதனால சொல்றியா, இல்ல தெரிஞ்சு சொல்றியா?”

மேடை சிரித்தபோது உறைக்காதது, அத்தான் பேசியபோது உறைக்காதது, அப்போது உறைத்தது. அக்கா கல்யாணமான நாளிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக நான் விழுங்கிய ஒவ்வொன்றையும் அவள் எண்ணாமலே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“பிடிக்காதுதான்” என்றேன். “ரெண்டு பேரையும் பிடிக்காது. ஆனா குமிழியை நான் பார்த்தேன்.”

அக்கா பேனாவை வாங்கவில்லை. உதவி டாக்டரிடம், “படத்தை இன்னொரு தடவை எடுக்கச் சொல்லுங்கம்மா. அப்பவும் ஒடிஞ்சிருந்தா நான் போடறேன். எடுக்காம போடமாட்டேன்” என்றாள். வீட்டில் அத்தான் முன்னால் குரல் எழுப்பாத அக்கா. உதவி டாக்டர் என்னை முறைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மேடை என்ன செய்தார் என்கிறீர்கள்? உதவி டாக்டர் காதோடு சொன்னதைக் கேட்டார், ஒரு கணம் நின்றார், கேமராவைப் பார்த்தார். “ஃப்ரெண்ட்ஸ், நல்ல பழக்கம் ஒண்ணு சொல்றேன். சந்தேகமே இல்லாட்டியும் ரெண்டாவது தடவை படம் எடுங்க. நான் எப்பவும் செய்வேன்.” மறுபடி கைதட்டல்.

நான் கை கழுவி, கவுன் மாட்டி, உள்ளே போனேன். கதீட்டரை முழுதாக வெளியே எடுக்கச் சொன்னேன். அதற்குள் காற்றை வைத்துக்கொண்டு தமனிக்குள் தள்ளிப் பார்க்கிற விளையாட்டு எனக்கு வேண்டாம். புதுச் சிரிஞ்சில் சாய மருந்தை எடுத்து மெதுவாகத் தள்ளினேன். ஊசிமுனை அளவு குமிழி ஒன்று, அப்புறம் இன்னொன்று, அப்புறம் சொட்டு, மூன்று சொட்டு. வால்வை நானே அரைச் சுற்றுத் தளர்த்தினேன். துணியில் ரத்தம் கசிந்தது. கசியட்டும். “குழல் தமனி வாயில உட்காரல, சார்” என்றேன். மேடை திருத்தினார். கேமரா அந்த நேரத்தில் எக்ஸ்ரே திரையைக் காட்டிக்கொண்டிருந்தது. அதனால் அவர் கை நன்றாக வேலை செய்தது.

“முகம் நல்லா விழுதா?” என்றார் அத்தான், மேஜையிலிருந்து.

“பேசாதீங்க. மூச்சைப் பிடிங்க.”

இரண்டாவது படம் தெளிந்த தண்ணீர்போல் வந்தது. தமனிச் சுவர் அடுக்கு அடுக்காய், அதில் பதிந்த கம்பிகள் ஒவ்வொன்றும் சின்னப் புள்ளியாய், அதன் பின்னால் அளவாக ஒரு நிழல். வட்டம் முழு வட்டம். பிளவு இல்லை. கட்டி இல்லை. கூடத்தில் யாரும் கைதட்டவில்லை. ஒடியாத கம்பிக்கு யார் தட்டுவார்கள்?

எனக்கு மகிழ்ச்சி சரியாகப் பத்து வினாடி இருந்தது. மேல் முனையில் நான்கைந்து கம்பிகள் சுவரைத் தொடாமல், நடுவில் தொங்கிக்கொண்டிருந்தன. முதல் படத்திலும் அவை அப்படித்தான் நின்றன. நான் அதையும் கூசின ஒளியின் கூத்து என்று தள்ளிவிட்டிருந்தேன். அக்காவிடம் எல்லாம் பொய் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். எல்லாம் பொய் இல்லை. சிரிக்கிற அவசரத்தில் நானும் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

மேடை அதைப் பிடித்துக்கொண்டார். “பார்த்தீங்களா, ஸ்டென்ட்ல பிரச்சினைன்னு சொன்னேன்ல” என்றார் என்னிடம், மைக் இல்லாமலே. எட்டு மாதம் முன்பு அந்த ஸ்டென்டை அளவு குறைத்து வைத்தது யார் என்று நான் கேட்கவில்லை. அதற்குள் அவரே கூடத்துக்குச் சொல்லிவிட்டார்: “இந்த எட்டு மாசத்துல குழாய் பெருத்திருக்கு.” கொஞ்சம் பெரிய பலூனை உள்ளே விட்டு ஊதி, கம்பிகளைச் சுவரோடு அழுத்தினார். மூன்றாவது படத்தில் எல்லாம் ஒட்டியிருந்தது. புது ஸ்டென்ட் வைக்கவில்லை. அத்தானின் வலிக்கு அந்தக் கம்பிகள்தான் காரணமா, வேறேதாவதா என்று எனக்குத் தெரியாது. வலி நின்றுவிட்டது என்பது மட்டும் தெரியும்.

மூன்று வாரம் கழித்து மேடை வேறொரு ஊரில் பேசினார். கண்ணை ஏமாற்றும் படங்கள் என்பது தலைப்பு. கூடப் போயிருந்த நர்ஸ் வந்து சொன்னாள். அத்தானுடைய முதல் படத்தைத் திரை முழுக்கப் போட்டு, ஒவ்வொரு குற்றத்தையும் அழகாக விளக்கினாராம். குமிழி, இறுக்கிய வால்வு, விலகாத ரத்தம், கூசிய கம்பி, ஒட்டாத வட்டம். ஒன்றையும் விடவில்லையாம். கடைசியில், “நம்ம டெக்னீஷியன் கவனக்குறைவா இருந்துட்டாங்க. நல்ல வேளை, நான் சந்தேகப்பட்டேன்” என்று முடித்தாராம்.

அவர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டினேனா என்று நினைவில்லை.

“குமிழி யாரோடது, சார்?”

அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்துப் போகவில்லை. வெட்கப்படவில்லை. “யார் பண்ணினா என்னங்க? நாலு பேர் கத்துக்கிட்டாங்கல்ல?”

“அப்போ என் கையில இல்லாத தப்பு என் பேர்ல இருக்கு. அதை என் கையிலயே கொடுத்துடுங்க. இனிமே கதீட்டரை நான்தான் தயார் பண்ணுவேன். வால்வை நான்தான் திருகுவேன். கேமரா இருந்தாலும், இல்லாட்டியும். எழுதிக் கொடுங்க.”

அவர் சிரித்தார். இவ்வளவுதானா கேட்கிறாள் என்கிற சிரிப்பு. சிப்பந்தி வேலையைக் கேட்டு வாங்குகிறவளைப் பார்த்து அவருக்கு இரக்கம்கூட வந்திருக்கும். அரை நிமிஷத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அதில் என்ன கொடுத்தோம் என்று அவருக்கு இன்னும் தெரியாது. அதன் பிறகு எங்கள் அறையில் கெட்ட படம் வந்தால் அது இதயம் துடித்ததால் வந்ததாக இருக்கும். அதைத் தவிர வேறு காரணத்தால் வருவதில்லை. இதை மேடை எங்கேயாவது தன் சாதனையாகப் பேசிக்கொண்டிருப்பார். பேசட்டும்.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் அத்தான் நான்கு பேருக்கு நடுவில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டென்ட் இரண்டாக ஒடிந்ததாம். இருநூறு டாக்டர்களும் எழுந்து நின்றார்களாம். டாக்டர் பலூனை வைத்தே ஒட்டிவிட்டாராம். “எங்க கடையில்கூட அப்படி ஒட்ட முடியாதுங்க” என்று பெருந்தன்மையாகச் சொன்னார். என்னைப் பார்த்ததும், “அப்ப இவளும் அங்கதான் எங்கேயோ நின்னா” என்றார்.

நேராகச் சமையலறைக்குப் போனேன். என் முகத்தில் என்ன இருந்ததோ, அக்கா அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு என்னையே பார்த்தாள்.

“இருபத்திரண்டு வருஷமா அவரைப் பார்க்கும்போதெல்லாம் உன் மூஞ்சி இப்படித்தான் ஆகுது” என்றாள். “கூடவே இருக்கிற என்னை என்னன்னு நினைக்கிற? என்னையும் அப்படித்தான் பார்க்கிறியா?”

இல்லை என்று சொல்வது சுலபம். அவள் கேட்டது அதற்காக இல்லை.

“கொஞ்சம்” என்றேன்.

அவள் அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். “தெரியும்” என்றாள். “உனக்குக் கையெழுத்துப் போடாதது மட்டும்தான் தெரியும். அன்னைக்கு ராத்திரி முழுக்க அவர் என்னைக் கேட்டுக்கிட்டே இருந்தார், டாக்டரை எதிர்த்துப் பேச உனக்கு யார் தைரியம் கொடுத்தாங்கன்னு. யார் பேரையும் சொல்லல நான்.”

அவளை ஒழுங்காக ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை என்பது அவள் சமையலறையில் நிற்கும்போதுதான் புரிந்தது. கூடத்தில் அத்தான் எதற்கோ சிரிக்க, மற்றவர்கள் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்கள். அக்கா பாத்திரத்தை இறக்கி என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.